மே மாதத்துப் பந்து

இரண்டாம் வகுப்பு ஹிகுச்சி சார் மேல் எனக்குப் போன வருடமே சந்தேகம். மே மாத உடற்திறன் தேர்வில் அவர் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கவே வராது. நவம்பர் மறுதேர்விலோ ஒரு பந்துகூடக் கீழே விழாது. கல்வி வாரியம் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

இந்த மே மாதம் மதிப்பெண் போடும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். பத்தடி தூரத்திலிருந்து மெல்ல எறிந்த பந்தை இருபத்தெட்டுப் பேரும் நழுவவிட்டார்கள். ஒரு பிள்ளை முகத்திலும் வருத்தமில்லை.

"சின்னப் பசங்கதானே டீச்சர், போகப் போக வந்துரும்" என்றார் ஹிகுச்சி.

"அதெப்படி சார், ஒருத்தர் விடாம? கையில என்ன வெண்ணெயா தடவியிருக்கு?"

அவர் விசிலைத் துடைக்க ஆரம்பித்தார்.

மதிய உணவு நேரத்தில் அவர் வகுப்பு நாகி, அன்று வகுப்புக்குப் பரிமாறும் முறை வந்த பிள்ளைகள் போடும் வெள்ளைத் தொப்பியும் கரண்டியுமாகப் படியேறினாள். முன்னால் போனவளின் கூடையிலிருந்து, உறையவைத்த ஆரஞ்சு ஒன்று தெறித்தது. நாகி இடது கையால் லபக்கென்று பிடித்தாள்.

"அடிப்பாவி! காலையில பந்தை விட்டியேடி?"

பழத்தைக் கூடையில் போட்டுவிட்டு, எனக்குப் பாடம் நடத்துவதுபோல் சொன்னாள்:

"அது நவம்பர்லதான் பிடிக்கணும், டீச்சர்."