எடுத்துக்கொடுக்காமல்

எந்தச் செடியை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று மக்களிடம் கேட்டு எழுதச் சொல்லிக்கொடுக்கும் ஆறு வாரப் பயிற்சி அது. கேட்பதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்துத்தான் போனேன். பதினோரு வருஷமாகத் தாவரக்கூடத்தில் காய்ந்த இலைகளைத் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தவள் நான். இலை எதிர்த்துப் பேசாது.

மூன்றாவது வாரம் மண்டைக்கனம் இறங்கியது. சந்தையில் மூலிகை விற்கும் அக்காவிடம், "இருமலுக்கு என்னென்ன கொடுப்பீங்க?" என்று கேட்டேன். இரண்டு பெயர் சொல்லிவிட்டு யோசித்தார். எனக்குத்தான் பொறுமை கிடையாதே. "துளசி? இஞ்சி?" என்று நானே அடுக்கினேன். பாவம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பயிற்சியாளர் என் தாளின் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு இழுத்தார்.

"இது அவங்க பட்டியல் இல்லம்மா, உங்களோடது. எடுத்துக்கொடுக்கவே கூடாது. அவங்க நிறுத்தினா 'வேற?'ன்னு மட்டும் கேளுங்க. மனசுக்குப் பக்கத்துல இருக்கறது தானா முதல்ல வரும்."

என் நான்கு வயது மகளை நாத்தனார் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தேன். முதல் வாரம் போனில் அழுதாள். இரண்டாவது வாரம் கதை சொன்னாள். இப்போதெல்லாம், "அத்தை கூப்பிடறாங்க" என்று ஓடிவிடுகிறாள். பிள்ளை பழகிவிட்டாள், நிம்மதியாக இரு என்றார் வீட்டுக்காரர். எனக்கு நிம்மதி வரவில்லை. என்னை மறந்துகொண்டிருக்கிறாளோ?

சிவப்புக் கோடு வாங்கிய அன்று மாலை விடுதி மொட்டைமாடியில் நின்று கூப்பிட்டேன். இதுவும் பயிற்சிதான் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

"செல்லம், நம்ம வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க, சொல்லு பாப்போம்."

"அத்தை."

முதலில் அத்தை. சரி.

"வேற?"

"அப்பா. அப்புறம் பூனை."

பூனைக்குப் பிறகாவது வருவேன் என்று காத்திருந்தேன்.

"வேற?"

"தொட்டியில ரெண்டு மீன்."

'அம்மா' என்ற சொல் என் நாக்கு நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வேற?"

"அவ்ளோதான்."

கண் முட்டிக்கொண்டு வந்தது. பயிற்சி விதியாவது, மண்ணாவது.

"அம்மா இல்லையாடி?" என்று கேட்டே விட்டேன்.

"இல்லையே" என்றாள், எனக்குப் புரியவைக்கிற குரலில். "தினமும் எழுந்ததும் தேடறேன். கட்டிலுக்கு அடியிலகூட பாத்துட்டேன்."