சுவிட்சில் ஒரு பள்ளம்

கிதார் வாசிக்கும்போது விர்ஜில் ஸ்டாம்பருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பாட்டின் நடுவே தனி வாசிப்பு வந்ததும் கூட்டத்துக்குப் பாதி முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். அமெரிக்காவின் டல்சா நகர நடன அரங்குகளில் இதைத் தலைக்கனம் என்றவர்களும் உண்டு, கூச்சம் என்றவர்களும் உண்டு. பக்கத்தில் பாஸ் கிதாரோடு நின்ற எனக்கு மட்டும் தெரியும், அவர் மறைத்தது சுவிட்சை.

அது 1957-இல் செய்த கிதார். கம்பிகளுக்கு அடியில் மூன்று பிக்கப்புகள், அதாவது ஒலியை வாங்கும் காந்தச் சுருள்கள். எந்தச் சுருள் பேச வேண்டும் என்பதை மூன்று நிலைகள் கொண்ட ஒரு சுவிட்ச் தீர்மானிக்கும். முதல் நிலைக்கும் இரண்டாவதற்கும் நடுவே அதை நிறுத்தினால் இரண்டு சுருள்கள் சேர்ந்து பேசும். மூக்கடைத்தவன் பாடுவதுபோல, ஈரமான, மெலிந்த ஒரு சத்தம் வரும். ஆனால் சுவிட்ச் அங்கே நிற்காது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஏதாவது ஒரு பக்கம் இழுத்துவிடும். விர்ஜில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிதாரைத் திறந்து, சுவிட்சின் உள்தகட்டில் அரத்தால் ஒரு பள்ளம் தேய்த்துவிட்டார். அதன்பின் சுவிட்ச் நடுவில் நின்றது. ஊரில் வேறு யாருக்கும் அந்தச் சத்தம் வரவில்லை.

பாடகி டார்லீன் ப்ரூயிட் தன் முதல் ரெக்கார்டுக்கு அவரை அழைத்ததே அதற்காகத்தான். விர்ஜிலுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அதுவரை எந்த ரெக்கார்டிலும் அவர் வாசித்ததில்லை.

பதிவுக்கு முந்தைய வாரம், சுவிட்சைத் தள்ளினாலே கரகரவென்று இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. கிதாரை லீலண்ட் ஹோக்கிடம் கொண்டுபோனார். ஊரில் எல்லாருடைய கிதாரும் லீலண்டின் மேசையில்தான் பிரிக்கப்படும், எல்லாருடைய கதையும் அங்கேதான் அலசப்படும். அதனால் விர்ஜில் பள்ளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரைச்சல் போனால் போதும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

லீலண்ட் எதையும் கடைசி நேரத்தில்தான் முடிப்பார். பதிவன்று காலை அவர் கடை திறந்ததும் கிதாரை வாங்கிக்கொண்டு நேரே ஸ்டுடியோவுக்குப் போனோம். முன்பு கம்பளம் விற்ற கடை அது. விர்ஜில் வயரைச் சொருகி, சுவிட்சை நடுவுக்குத் தள்ளினார். டக் என்று அடுத்த நிலைக்குத் தாவியது. திரும்பத் தள்ளினார். டக்கென்று பழைய இடத்துக்கே போனது. திருகுகளைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே பளபளவென்று புதுச் சுவிட்ச்.

பகல் முழுவதும் அதனோடு மல்லுக்கட்டினார். முதலில் ஒரு தீக்குச்சியை இடுக்கில் செருகினார். பாதி வாசிப்பில் அது தெறித்து விழுந்தது. ஒட்டுநாடா சுவிட்சோடு சேர்ந்து நகர்ந்தது. டார்லீன் தன் வாயிலிருந்த சூயிங்கத்தைக் கொடுத்தாள், அதுவும் சூட்டில் வழுக்கியது. மற்றவர்கள் வாசிப்பு எல்லாம் பதிவாகிவிட்டது. விர்ஜிலின் தனி வாசிப்பு மட்டும் மிச்சம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த ஒலிப்பதிவாளர் ராஸ், பாதியில் வேறு ஆள் வந்து வாசிப்பதுபோல இருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார். மாலைக்கு ஒரு தேவாலயப் பாடகர் குழு அந்த இடத்தை வாடகைக்கு எடுத்திருந்தது. அவர்கள் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவும் தொடங்கிவிட்டார்கள்.

டார்லீன் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சாதாரணமாவே வாசிச்சிடுங்களேன் விர்ஜில். இல்லன்னா அந்த இடத்துல வேற ஆளை வச்சு ஸ்டீல் கிதார் போட்டுக்கலாம்."

விர்ஜில் போய் லீலண்டுக்கு போன் போட்டார்.

லீலண்ட் ஒரு காப்பி டப்பாவை அணைத்துக்கொண்டு வந்தார். அது நிறையக் கழற்றிப் போட்ட சுவிட்சுகள். கிளறி, விர்ஜிலுடையதைக் கண்டுபிடித்தும் விட்டார். ஆனால் அதன் ஸ்பிரிங் அதற்குள் வேறு யாருடைய கிதாருக்கோ போயிருந்தது.

"எவனோ அரத்தால ராவி நாசம் பண்ணி வச்சிருந்தான்" என்றார் லீலண்ட். "பாவம், பழைய ஆளாச்சேன்னு புதுசு போட்டேன்."

"ராவுனது நான்தான்யா."

"எதுக்கு?"

விர்ஜில் கண்ணாடிப் பக்கம் பார்த்தார். தேவாலயக் குழுவின் கிதார்க்காரர் மூக்கு கண்ணாடியில் படும்படி நின்றிருந்தார். விர்ஜில் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார்.

"இவ்வளவுதானா?" லீலண்ட் சத்தமாகவே கேட்டார். "நடுவுல நிக்கணும், அவ்வளவுதானே? அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"உன்கிட்ட சொல்றதும் ஊர்ல தமுக்கடிக்கிறதும் ஒண்ணுதான்."

"சொல்லாததுக்கு இப்ப என்ன கிடைச்சுது உனக்கு?"

புதுத் தகட்டில் பள்ளம் தேய்த்து, திரும்பப் பற்றவைக்க நேரமில்லை. ஒரே வழிதான் இருந்தது. லீலண்ட் விர்ஜிலின் தோளோடு தோள் உரசி நின்று, ஈயம் சுட்டுத் தழும்பேறிய விரலால் சுவிட்சை நடுவில் பிடித்துக்கொண்டார். விர்ஜில் பழக்கத்தில் முதுகைத் திருப்பினார். கூடவே லீலண்டும் சுற்றிவந்தார், கை நழுவியது. நேராக நில்லுங்கள் என்று ராஸ் கெஞ்சினார். அடுத்த தடவை லீலண்ட் தாளத்துக்குக் காலைத் தட்ட, சுவிட்சும் சேர்ந்து ஆடியது.

"மூச்சு விடாம நில்லு, புண்ணியமாப் போகும்" என்றார் விர்ஜில்.

கடைசியில் கண்ணாடியை நேருக்கு நேர் பார்த்தபடி, எல்லாரும் பார்க்க, அவர் வாசித்தார். சத்தம் வந்தது, அதே ஈரம். டார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராஸ் கட்டைவிரலை உயர்த்தினார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கிதார்க்காரர் மட்டும் விர்ஜிலின் முகத்தையே பார்க்கவில்லை. அவர் பார்வை லீலண்டின் விரலில் இருந்தது.

ரெக்கார்டு வெளிவருவதற்கு முன்பே, மறு வாரம், தகட்டில் பள்ளம் தேய்த்து வாங்க விர்ஜில் லீலண்டின் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். மேசையில் மூன்று கிதார்கள் வயிறு திறந்து கிடந்தன. முதலாவது அந்தத் தேவாலயக் கிதார்க்காரருடையது.

"எல்லாம் உன் வேலைதான்" என்றார் லீலண்ட், அரத்திலிருந்த தூளை ஊதியபடி. "விர்ஜிலுக்குப் பண்ண மாதிரியே பண்ணிக் குடுன்னு கேக்குறானுங்க. நீ அங்க வச்சிட்டுப் போ. வியாழக்கிழமை பாக்கலாம்."

"எனக்கே வியாழக்கிழமையா?"

"வரிசைன்னு ஒண்ணு இருக்குல்லப்பா."

விர்ஜில் கிதாரைப் பெட்டியோடு நாலாவதாக வைத்தார். அன்றிரவு கெய்ன் தெரு அரங்கில் இரவல் கிதாரில் வாசித்தார். தனி வாசிப்பு வந்தபோது திரும்பிக்கொள்ளவே இல்லை.