சன்ஷேடில் ஒரு ஆள்

கனமான வேலை முடிந்திருந்தது. ஏசியின் அவுட்டோர் யூனிட்டைக் கயிறு கட்டி ஜன்னல் வழியாக வெளியே இறக்கி, கீழ்வீட்டு சன்ஷேடுக்கு மேலே அடித்த இரும்பு ஸ்டாண்டில் உட்கார வைத்தாகிவிட்டது. காப்பர் பைப் நீளம் போதவில்லை. கூட வந்தவன் அதை எடுத்துவரக் கடைக்குப் போயிருந்தான். போல்ட்டுகளை இறுக்குவதுதான் பாக்கி.

மெக்கானிக் இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலில் கால் வைத்தபோது, அந்த வீட்டு மருமகள் வந்து நின்றாள்.

"அண்ணா, மாமா தூங்குறாரு. நீங்க இருக்கீங்கல்ல, நான் கீழ வரைக்கும் போயிட்டு உடனே வந்துடறேன். கதவை வெளிய பூட்டிக்கிறேன், தப்பா நினைக்காதீங்க."

"மாமாவுக்கு உடம்பு முடியலையாம்மா?"

"உடம்பு கல்லு மாதிரிதான் இருக்கு. ஞாபகம்தான் இல்ல. ரயில்ல கார்டா இருந்தவரு. கதவு திறந்திருந்தா டியூட்டிக்குன்னு கிளம்பிடுவாரு."

"போயிட்டு வாங்கம்மா, நான் எங்க ஓடப் போறேன்" என்றான் அவன்.

சன்ஷேடில் ஒன்றரை ஆள் நிற்கலாம். அதில் ஒரு ஆளின் இடத்தை யூனிட் பிடித்துக்கொண்டது. கீழே நான்கு மாடி. யூனிட்டின் தகடு வெயிலில் தோசைக்கல்லாய்ச் சுட்டது. குந்தி உட்கார்ந்து கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடி சரக்கென்று நகர்ந்தது. கொக்கி விழுந்தது.

திரும்பினான். பனியன் போட்ட பெரியவர் ஒருவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன் செல்போன் அவருக்குப் பின்னால், சுவரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

பைப்புக்காகச் சுவரில் போட்ட துளையில் வாயை வைத்து அவன் சொன்னான்: "ஐயா, ஏசி மாட்ட வந்தவன். ஜன்னலைத் திறங்க."

பெரியவர் குனிந்து துளைக்குள் பேசினார். "நான் ஏசி கேக்கலையே."

"உங்க மருமக கேட்டாங்க."

"எனக்குக் கல்யாண வயசுல பையனே கிடையாது. நல்லா கதை விடுற."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "யாருப்பா அது, வெயில்ல?" என்று புதிதாக, பரிவோடு கேட்டார். அவன் மறுபடி முதலிலிருந்து சொன்னான். பரிவு இருந்ததே தவிர, கொக்கியில் கை போகவில்லை.

உதடு காய்ந்தது. கால் மரத்தது. காலை மாற்றி வைக்க இடமில்லை. யாரையாவது கூப்பிடலாம் என்று எட்டிப் பார்த்தான்.

மருமகள் கீழேதான் இருந்தாள். மரத்தடி சிமெண்ட் பெஞ்சில், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பை இல்லை, போன் இல்லை. எதையும் பார்க்காமல், இரண்டு கையையும் மடியில் போட்டபடி சும்மா இருந்தாள்.

'ஏம்மா' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டான். தன் மனைவி இப்படிச் சும்மா உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை. பார்க்கத் தோன்றாமல் போனதோ என்னவோ. இன்னும் கொஞ்சம் உட்காரட்டும் என்று நினைத்தான்.

அப்போது துளை வழியாகச் சமையலறையில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. அவனுக்கு அடுப்பு நினைவுக்கு வந்தது. ஸ்பேனரால் கண்ணாடியைத் தட்டினான்.

"கார்டு சார்! இங்க வாங்க. வண்டி எப்ப கிளம்பும்?"

பெரியவர் விறைப்பாக நடந்து வந்தார். "நான் கொடி காட்டாம எப்படிய்யா கிளம்பும்?"

"எந்தெந்த ஸ்டேஷன்ல நிக்கும்?"

அவர் துளையருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். "அப்புறம் சார்?" என்று அவன் விடாமல் கேட்டான். தலை கிறுகிறுத்தது, சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு கேட்டான். கடைசி ஸ்டேஷன் வந்தபின், திரும்பி வரும் வண்டியையும் கேட்டான்.

வண்டி பாதி வழியில் இருக்கும்போது மருமகள் வந்து கொக்கியை எடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பை நீட்ட ஜன்னலுக்கு வெளியே குனிந்தவளின் பார்வை கீழே போனது. நேர் கீழே பெஞ்ச்.

"கூப்பிட்டிருக்கலாமே அண்ணா."

"கூப்பிட்டா வந்திருப்பீங்க" என்றான் அவன்.

அவள் சொம்பை வாங்கிக்கொண்டு போய் இன்னொரு முறை நிரப்பி வந்தாள்.

கூட்டாளி பைப்போடு வந்து சேர்ந்தான். மதியத்துக்குள் அறை குளிர்ந்துவிட்டது. பெரியவர் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். மெக்கானிக் எல்லா வீட்டிலும் சொல்வதைப் பழக்கதோஷத்தில் சொன்னான்: "ஓடுறப்ப ஜன்னல், கதவு எல்லாத்தையும் நல்லா மூடி வச்சிருங்கம்மா. அப்பதான்..."

பாதியில் நிறுத்தினான்.

"மூடித்தான் இருக்கும் அண்ணா" என்றாள் அவள். பூட்டைத் திறந்து அவர்களை வெளியே விட்டாள். அவர்கள் படி இறங்கத் தொடங்கும் முன்பே தாழ்ப்பாள் விழுந்தது.