மடிப்புக்குள் ஒரு முடிச்சு

விடிந்தும் விடியாத நேரம். டிரெய்லரின் பின்மூலையில் கால்களை அகல ஊன்றி நின்று, பல்சக்கரத்தின் கைப்பிடியை மார்போடு சேர்த்து இழுத்தான் ஒண்டிக்கட்டை. டக், டக், டக். மூன்று பல் ஏறியதும், டிரெய்லருக்குப் பக்கச்சுவராகத் தொங்கும் நாற்பதடித் தார்ப்பாய்த் திரை விறைத்து நின்றது. நாலாவது பல்லில் சக்கரம் வழுக்கியது. கைப்பிடி திரும்பி வந்து முழங்கையில் ஒரு போடு போட்டது. திரை பழையபடி தொளதொளவென்று தொங்கியது.

"சனியன்," என்றான். கேட்க ஆளில்லை.

இது இரண்டு பேர் வேலை. ஒருவர் முன்மூலையில் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பின்னால் முறுக்க வேண்டும். பிறகு அடியில் தொங்கும் இருபத்துநாலு பெல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பக்கிளில் மாட்டி இறுக்க வேண்டும். திரை தளர்ந்திருந்தால் ஓடுகிற வண்டிக்குள் காற்று புகும். புகுந்த காற்று சும்மா இருக்குமா? வண்டியையே தள்ளிப் பார்க்கும். இதெல்லாம் நன்றாகத் தெரிந்தேதான் வண்டிக்கு ஒரு ஆள் போதும் என்று துணை ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார் முதலாளி. ஆயிற்று பதினோரு வருஷம். அன்றிலிருந்து இரண்டு மூலைக்கும் இவனே ஓடுகிறான்.

டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் அத்தோடு போயிற்று. ஒருத்தன் கிளம்பும் நேரத்தில் இன்னொருத்தன் வரமாட்டான். ரோட்டில் கடக்கும்போது ஒரு ஹாரன், அவ்வளவுதான் உறவு. பெண்டாட்டி பிள்ளை இல்லாத இவனுக்குக் கேபின்தான் வீடு. நாள் முழுக்க வாய் திறக்காமல் ஓட்டிவிட்டுப் பேசினால், தன் குரலே யாரோ பேசுவதுபோல் இருக்கும்.

பையிலிருந்து ஒரு முழக் கயிற்றை எடுத்தான். கைப்பிடியை இழுத்துப் பிடித்துச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, முடிச்சைத் திரையின் மடிப்புக்குள் மறைத்தான். இது அவன் மட்டும் அறிந்த ரகசியம். சக்கரம் தேய்ந்துவிட்டது என்று வாயைத் திறந்தால், நீதான் கெடுத்தாய் என்று வண்டியைப் பிடுங்குவார்கள். எதற்கு வம்பு?

இன்று அதிசயமாகப் பன்னிரண்டு வண்டிகளும் யார்டில் நின்றன. பதின்மூன்றாவது வண்டி முந்தாநாள் விபத்தில் மாட்டியது. அதை விசாரிக்க இன்ஷூரன்ஸ்காரர் பத்து மணிக்கு வருகிறார். அதற்குள் எல்லாத் திரையும் மத்தளம் மாதிரி இருக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு.

விபத்து, அந்த வண்டியை ஓட்டிய பாட்டுக்காரருக்கு. கேபினில் உரக்கப் பாடிக்கொண்டே போகிற மனுஷன். எதிரே வந்தால் ஹாரனிலேயே ஒரு மெட்டுப் போடுவார். மேம்பாலத்தில் திரை பிய்த்துக்கொள்ள, ஓரங்கட்டி இறங்கி, தனியாளாக அதைப் பிடிக்கப் போனார். காற்றில் சுழன்ற பக்கிள் இடது கண்ணில் அடித்தது. அந்தக் கண் இனி இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இந்த உலகத்தில் ஒண்டிக்கட்டையை யாராவது நலம் விசாரித்தார்கள் என்றால் அது அந்த ஹாரன்தான்.

எட்டு மணிக்கு முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள் இருந்தது.

"நீதான் இங்க மூத்த ஆளு. ஒரு கையெழுத்துப் போடு."

திரைகளின் பல்சக்கரங்கள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன, பாட்டுக்காரர் தன் இஷ்டத்துக்குக் கயிறு கட்டி ஓட்டியதுதான் விபத்துக்குக் காரணம் என்று எழுதியிருந்தது. கயிறு என்ற இடத்தில் அவன் கண் நின்றுவிட்டது. அவருமா?

"போட்டா அவருக்கு என்னாகும்?"

"வேலை போகும். வைத்தியம் அவன் பாடு. போடலைன்னா நீ சாவியை வச்சிட்டு நட. சக்கரம் சரியில்லைன்னு இத்தனை வருஷத்துல எவனாவது எங்கிட்ட சொன்னானா? கயிறு கட்டுனது தப்பா இல்லையா, நீயே சொல்லு."

யாரும் சொல்லவில்லை என்பது நிஜம். யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்டுவிட்டுத் தாளோடு வெளியே வந்தான்.

சரக்கு ஏற்றும் ஃபோர்க்லிஃப்ட் அக்கா வண்டியை நிறுத்தி, முகம் ஏன் இப்படிச் செத்துக்கிடக்கிறது என்று கேட்டாள். தாளை நீட்டினான். படித்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏம்பா, உன் வண்டில கயிறு இல்லையா?"

அவனுக்குத் திக்கென்றது.

"பயப்படாத. பன்னெண்டுலயும் இருக்கு. தினம் சரக்கு ஏத்துறவளுக்குத் தெரியாதா? ஆளாளுக்குத் திருட்டுப் பொருள் மாதிரி ஒளிச்சு வச்சிருக்கீங்க. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன், அது என் தப்பு."

பன்னிரண்டு! ஒவ்வொருவனும் தனக்கு மட்டும்தான் இந்தக் கேடு என்று நினைத்து, கட்டி, மறைத்து, எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் முதலாளிக்குக் காட்டியிருக்கிறான். வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நேராகத் தன் வண்டிக்குப் போய் மடிப்பை விலக்கி, எல்லோரும் பார்க்க முடிச்சை அவிழ்த்தான். திரை சரிந்தது.

பக்கத்து வண்டி டிரைவர், இவன் இதுவரை முகம் பார்த்துப் பேசாத ஒரு நரைமீசைக்காரர், திகைத்து நின்றார். கயிற்றைக் காட்டி விஷயத்தைச் சொன்னான். வீட்டில் மூன்று பிள்ளைகள், என்னை விட்டுவிடு என்றார் அவர். இவன் வற்புறுத்தவில்லை, அடுத்த வண்டிக்குப் போனான். அங்கே பேசிவிட்டுத் திரும்பினால், நரைமீசைக்காரர் கையில் ஒரு கயிறு இருந்தது. இவனுடையதைவிடப் பழைய கயிறு.

பத்து மணிக்கு இன்ஷூரன்ஸ்காரரின் கார் கேட்டில் வந்து நின்றது. வெளியே வந்த முதலாளி அப்படியே நின்றுவிட்டார். பன்னிரண்டு வண்டிகளிலும் திரைகள் தளர்ந்து படபடத்துக்கொண்டிருந்தன.

"எவன்டா அவுத்தது?"

ஒண்டிக்கட்டை கையெழுத்துப் போடாத தாளை நீட்டினான். மேலே தன் கயிற்றைச் சுருட்டி வைத்திருந்தான்.

"கயிறு கட்டுறது தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க முதலாளி, அதான் அவுத்துட்டோம். பன்னெண்டு வண்டிலயும் பல்சக்கரம் வழுக்குது. அதை மாத்தணும். துணைக்கு ஆள் வேணும். பாட்டுக்காரருக்கு வைத்தியமும் பாக்கணும், வேலையும் இருக்கணும். அதுவரைக்கும் ஒரு வண்டியும் நகராது."

எல்லோரையும் துரத்திவிட்டு நாளைக்கே வேறு ஆள் போடுவேன் என்றார் முதலாளி. செய்யக்கூடியவர்தான். இருந்தாலும் இடத்தை விட்டு யாரும் அசையவில்லை. இன்ஷூரன்ஸ்காரர் ஒரு கைப்பிடியைத் தானே இழுத்துப் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார்.

அப்போது ஒரு காற்று கிளம்பி ஒண்டிக்கட்டையின் திரையைத் தூக்கியது. பக்கிள்கள் சுழன்றன. பழக்க தோஷத்தில் முன்மூலைக்கு ஓடினான். அங்கே நரைமீசைக்காரர் ஏற்கெனவே கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றிருந்தார்.

"இங்க நான் இருக்கேன். நீ அந்தப் பக்கம் போய்ப் பிடி."

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, அவன் ஒரு மூலைக்கு மட்டும் ஓடினான்.