'பாப்பாவுக்கு' என்றொரு ஃபோல்டர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன் சொந்த அக்கா வீட்டில்கூட ஆற அமர உட்கார முடியாது. வாசல்படி ஏறியதுமே, "டேய், இதக் கொஞ்சம் பாரேன்" என்று ஆரம்பித்துவிடுவாள். அன்று மத்தியானம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அத்தானுடைய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை இரண்டு கையாலும் ஏந்திவந்து மேஜையில் வைத்தாள்.

"பாப்பாவுக்கு அவர் குரலே மறந்துபோச்சுடா. 'அப்பா எப்படிம்மா பேசுவாரு?'ன்னு நேத்து கேக்குறா. ஆஸ்பத்திரில இருந்தப்ப அவளுக்காகப் பேசி ரெக்கார்ட் பண்ணி இதுலதான் வச்சாரு. வேற எங்கயும் இல்ல."

அத்தான் போய் நாலு மாதம். ஆறு வயதுக் குழந்தை மறக்க அது போதுமா?

டிஸ்க்கைச் செருகிக் கம்ப்யூட்டரைப் போட்டேன். விளக்கு எரிந்தது, திரையில் டிரைவ் இல்லை. கேபிளை மாற்றினேன். பின்பக்க போர்ட்டில் செருகி மறுபடி ஸ்டார்ட் செய்தேன். ம்ஹூம். "சனியனே!" என்று வாய்விட்டுத் திட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். டக், டக். கொஞ்சம் இடைவெளி. அப்புறம் ஒரு டக்.

"அப்பா இருமுறாரு," என்றாள் கதவோரம் நின்ற பாப்பா.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நான்தான் துணைக்குப் படுத்திருந்தேன். அச்சு அசல் அதே இருமல்.

"சும்மா இரு! உள்ள தட்டு சுத்த முடியாம திணறுது, அவ்வளவுதான்," என்று எரிந்து விழுந்தேன். சொல்லும்போதே விஷயம் பிடிபட்டது. டிஸ்க் பழசு, எழும்ப நேரம் எடுக்கிறது. கம்ப்யூட்டரோ ஸ்டார்ட் ஆகும்போது ஒரே தடவை யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறது. கேபிளைப் பிடுங்கி, கம்ப்யூட்டர் முழுதாக வந்தபிறகு செருகிவிட்டுக் காத்திருந்தேன். டிரைவ் வந்தது. 'பாப்பாவுக்கு' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே ஒரே ஃபைல், நாற்பது விநாடி.

முதலில் காப்பி எடுத்திருக்க வேண்டும். அக்கா முகத்தைப் பார்த்ததும் புத்தி கெட்டு பிளேயை அழுத்திவிட்டேன்.

"பாப்பா, சாப்டியா?"

"சாப்டேம்ப்பா," என்றாள் அவள் பட்டென்று.

"பொய். தட்டுல பாதி அப்படியே இருக்கு."

அக்கா அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். இருந்தது.

"உன் மாமா பக்கத்துல உக்காந்து எரிஞ்சு எரிஞ்சு விழுறானா?"

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கும்வரை அத்தான் பேசவில்லை. நாற்பது விநாடி எப்போதோ தாண்டியிருந்தது.

"சரிடா கண்ணு. வர்றேன்."

திரையிலிருந்து டிரைவ் மறைந்தது. விளக்கு அணைந்தது. நான் என்ன செய்தும் அது திரும்ப எரியவில்லை.

கிளம்புகிறவர்கள் 'போறேன்' என்றா சொல்வார்கள்? அக்காவுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். பாப்பாவுக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்து நின்றாள்.

"கிளம்புறப்ப அப்படித்தான் சொல்லுவாங்க பாப்பா," என்று கதவைச் சாத்தப் போனேன்.

அக்கா என் கையைப் பிடித்தாள். 'அப்பா இனிமே வரமாட்டாரு' என்று நாலு மாதமாக அந்தக் குழந்தையிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவள்.

"சாத்தாதடா," என்றாள். "வரட்டும்."