ஞாயிறு இரவுக்கு வந்த மீதி

சாய்ந்தமருது ஹுஸ்னியாவுக்குத் தன் கெட்டித்தனத்தில் நம்பிக்கை கொஞ்சம் அதிகம். கெம்பஸில் படிக்கும்போதே 'மடை' என்று ஒரு கணினி மொழியை உண்டாக்கியவள் அல்லவா! தமிழில் எழுதும் கட்டளைகளை வரிவரியாக வாசித்து ஓடவைக்கும் அதன் இன்டர்பிரட்டரை அப்போது பைத்தனில் எழுதியிருந்தாள். வயல்காரரின் பழைய போன்களில் அது ஊர்ந்தது. அதனால் இப்போது முழுவதையும் ரஸ்ட் என்ற வேகமான மொழிக்கு மாற்றினாள்.

மடையில் எழுதிய இருநூறு நிரல்களைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றைத் தவிர எல்லாம் அச்சொட்டாக ஒத்துப்போயின. அந்த ஒன்று, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை றஸாக் தானே எழுதிய முறைப் பட்டியல். புதியதில் ஸம்ஸியா என்பவரின் ஞாயிறு இரவு முறைக்கு நாளே விழவில்லை. அவருடைய வயலோ கதிர் தள்ளும் பருவம். இந்த முறை தவறினால் எல்லாம் பதராகிவிடும்.

நிரலைத் திறந்தாள். ஒவ்வோர் இரவுக்கும் நாளின் எண்ணில் ஒன்றைக் கழித்து, ஏழால் வகுத்து, மீதியை எடுத்திருந்தார் றஸாக். எதற்கு இந்தக் கழித்தல்? மனுசன் பிழைவிட்டிருக்கிறார் என்று அதை அழித்தாள். ஏழு இரவும் நிரம்பின. சந்தோஷம் தாங்காமல் அவருக்கு அனுப்பிவைத்தாள்.

பத்து நிமிடத்தில் றஸாக் போன் எடுத்தார்.

"என்ன புள்ள, எல்லாருக்கும் ஒரு நாள் பிந்திப் போயிரிக்கி! ஞாயித்து ராவெண்டா சனிக்கிழம மஃரிபோட தொடங்கிற ராவுதானே? உங்கட உம்மா வெள்ளி ராவு யாசீன் ஓதிற எப்ப?"

"வியாழக்கிழம மஃரிபுக்குப் பொறகு, காக்கா."

ஹுஸ்னியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நள்ளிரவில் நாள் மாறும் கணினியோடு பழகிப் பழகி, பொழுது சாய்ந்ததும் தொழும் மஃரிபோடு நாள் மாறும் வீட்டில் பிறந்ததையே மறந்துவிட்டாள்.

அப்படியானால் பழையது எப்படிச் சரியாகச் சொன்னது? உட்கார்ந்து கிண்டினாள். ஞாயிறு பூச்சியம், சனி ஆறு. பூச்சியத்தில் ஒன்று போனால் மைனஸ் ஒன்று. அதை ஏழால் வகுத்து மீதி கேட்டால் பைத்தன் சுற்றிவந்து ஆறு என்றது. ரஸ்ட் மைனஸ் ஒன்று என்றே விட்டுவிட்டது. அப்படி ஒரு நாள் கிழமையில் இல்லை.

மடையில் மீதி எப்படி வரவேண்டும் என்று தன் பழைய குறிப்புகளில் தேடினாள். ஒரு வரிகூட இல்லை. பைத்தன் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டு நாலு வருஷமாகத் தன் மொழி என்று பெருமையடித்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. இன்னும் என்னென்ன இப்படி இரவலாகக் கிடக்கிறதோ என்று அறிய ஆசையாகவும் இருந்தது.

கழித்தலைத் திரும்ப வைத்தாள். 'மடையில் மீதி பூச்சியத்துக்குக் கீழே போகாது' என்று எழுதி, ரஸ்டிலும் அப்படியே செய்தாள். ஸம்ஸியாவுக்குச் சனிக்கிழமை மஃரிப் கிடைத்தது.

புதிய பட்டியலைப் பார்த்த றஸாக் மறுபடி எடுத்தார். "இப்ப சரி. பழைய மிசினுக்கு மட்டும் இது எப்புடித் தெரிஞ்ச புள்ள?"

"அதுக்குத் தெரியா காக்கா. செஞ்ச எனக்கும் இண்டு வரைக்கும் தெரியா."