நூறாவது படம்

மாடிப்படி ஓரச் சுவரில் தொண்ணூற்றொன்பது படங்கள் வரிசையாக மேலே ஏறிப்போயின. நூறாவது படத்தை நீலத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஒரின் வோக்ட் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். இரண்டு முழங்காலிலும் இரும்பு வைத்த மனிதர். அறுபத்து மூன்றாவது படத்தில் தடித்த கழுத்தும் அடர்ந்த முடியுமாக நின்ற கால்பந்துக்காரனும் அவரேதான். அவனை அவர் நின்று பார்க்கவில்லை.

அந்தச் சுவரில் ஏற ஒரே தகுதிதான். கல்லூரி அணிக்காக ஆடிப் போதுமான அளவு வென்றவர்களுக்குக் கல்லூரிப் பெயரின் முதல் எழுத்தைத் துணியில் வெட்டிக் கொடுப்பார்கள். அதை வாங்கிக் கம்பளிச் சட்டையில் தைத்துக்கொண்டவனுக்குச் சுவரில் இடம் உண்டு. மற்றவன் தங்கக் கம்பியாகவே இருந்தாலும் சுவரில் ஏற முடியாது. வாசலில் மூன்று கிரேக்க எழுத்துகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, உள்ளே இருப்பவர்கள் எல்லாம் கூடப்பிறந்தவர்கள் என்று சத்தியம் செய்கிற அமெரிக்கக் கல்லூரி மாணவர் சங்கம் ஒன்றின் விடுதி வீடு அது. கூடப்பிறந்தவர்களிலும் தரம் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள்.

"என்னடா, தொண்ணூறு வயசுக் கிழவன் மாதிரி ஏறுற?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. வேட் ஹாலிஸ்டர். அந்தக் காலத்தில் இந்த வீட்டின் மாணவர் தலைவன். இப்போது விழாக் குழுவின் தலைவர். "வீட்டுக்கு நூறு வயசு, சுவர்ல நூறு வீரனுங்க. ஒஹாயோல எவன் வீட்டுல இருக்கு சொல்லு பாப்போம்."

"லியோவைச் சேத்தாத்தான் நூறு."

"அதான் சேத்தாச்சே. முப்பது வருஷமா நச்சரிச்ச, இப்பக் குடுத்தாச்சு. சிரிச்ச மூஞ்சியா இரு."

முப்பது ஆண்டுகளாக ஒரின் குழுவுக்குக் கடிதம் எழுதியது உண்மைதான். லியோ ஓர்செக்கின் படத்தை மாட்டுங்கள் என்று கேட்பார். அவன் எழுத்து வாங்க இன்னும் ஒரு மல்யுத்தம் பாக்கி இருந்தது, விதி விதிதான் என்று பதில் வரும். இந்த வருடம் விதி தானாக வளைந்தது. இப்போது வீட்டில் இருக்கும் பையன்கள் திரையில்தான் பந்து ஆடுகிறார்கள். தொண்ணூற்றொன்பதோடு நூற்றாண்டு கொண்டாடினால் கழுத்தில் நகையும் காலில் கிழிந்த செருப்புமாகத் தெரியும். அதனால்தான் செத்துப்போனவனைத் தேடி எடுத்தார்கள். ஒரினுக்கு அது தெரியும். தெரிந்தும் விழுங்கிக்கொண்டார். படம் ஏறினால் போதும், லியோவுக்குத் தான் பட்ட கடன் கழிந்துவிடும் என்று நம்பினார்.

மதிய விருந்தில் பொரித்த கோழியும் மசித்த உருளைக்கிழங்கும் போட்டார்கள். ஒரின் பக்கத்தில் லியோவின் தங்கை பெர்னடீனை உட்கார வைத்திருந்தார்கள். யங்ஸ்டவுனிலிருந்து தனியாகக் காரோட்டி வந்திருந்தாள். அண்ணன் செத்தபோது பதினேழு வயது, இப்போது ஐம்பத்தேழு. சாம்பல் நிறக் கோட்டைக் கடைசி வரை கழற்றவில்லை.

"லியோ செத்தப்ப எங்க வீட்டுக்கு வந்த கடுதாசில நீங்கதானே கையெழுத்துப் போட்டவர்? அறைத் தோழன்னு?"

"ஆமா."

"எங்கம்மா அதை ஜெபப் புத்தகத்துக்குள்ள வச்சிருந்தாங்க. அவங்க போனப்புறம் என்கிட்ட இருக்கு." கோழித் துண்டைக் கத்தியால் சின்னதாக நறுக்கினாள். "நீங்க எழுதினது எங்களுக்குப் பெரிய ஆறுதல். பொறந்ததுலேர்ந்தே இதயத்துல குறை, யாராலும் முன்னாடியே கண்டுபிடிச்சிருக்க முடியாதுன்னு. அது தெரிஞ்சதாலதான் என் பையனையாவது காப்பாத்தினேன்."

ஒரின் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "பையனையா?"

"டேமியன். நல்லா ஓடுவான். பள்ளிக்கூடத்துக் கோச் வீடு தேடி வந்து கெஞ்சினார். நான் விடல. எங்க குடும்பத்து இதயம் அப்படின்னு சொல்லிட்டேன். சைக்கிள்கூட வாங்கித் தரல. வருஷா வருஷம் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவேன், ஒண்ணுமில்லம்பாங்க. லியோவையும் ஒண்ணுமில்லன்னுதானே டீம்ல சேத்துக்கிட்டாங்க."

"இப்ப என்ன பண்றான்?"

"முப்பத்திரண்டு வயசாச்சு. என்கூட அதிகமாப் பேசறதில்ல. உயிரோட இருக்கான், எனக்கு அது போதும்."

நாற்பது வருடமாக ஒருவனைக் கொன்றதாகத்தான் அவர் கணக்கு வைத்திருந்தார். இன்னொரு பையனின் கால்களையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறோம் என்பது இப்போதுதான் தெரிந்தது.

மல்யுத்தத்தில் லியோவின் எடைப் பிரிவு நூற்று முப்பத்து நான்கு பவுண்டு. அவன் செத்த அந்தப் பிப்ரவரிக் காலையில் அவனுக்கு இரண்டு பவுண்டு கூடுதல். மாலையில் எடை பார்ப்பார்கள், கூடியிருந்தால் ஆடவிடமாட்டார்கள். அதன் பிறகு மல்யுத்தம், ஜெயித்தால் எழுத்து, எழுத்து வந்தால் சுவர். இந்த வீட்டில் எடை குறைக்க ஒரு வழக்கம் உண்டு. ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு நிலவறைக் கொதிகலன் அறைக்குள் போய் நாற்பது நிமிடம் குதிக்க வேண்டும். அறைத் தோழன் வெளியே கதவில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். உள்ளே இருப்பவன் என்ன செய்தாலும் நேரம் ஆகும் முன் திறக்கமாட்டேன் என்று முன்கூட்டியே சத்தியம் வாங்கிக்கொள்வார்கள். சத்தியத்தைக் கேட்டு வாங்குவதும் உள்ளே போகிறவனேதான். திறக்காமல் இருப்பவனுக்கு இந்த வீட்டில் நல்ல பெயர், 'பூட்டு' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். இளகிய மனசுக்காரனை யாரும் கதவுக்கு அனுப்பமாட்டார்கள்.

ஒரின் நல்ல பூட்டு. நாற்பதாவது நிமிடம்தான் திறந்தார். அதன் பிறகு வேட் வந்தான். ரப்பர் உடையைக் கழற்றி, மாடிக்குத் தூக்கிப்போய்ப் படுக்கையில் கிடத்தி, அதற்கப்புறம்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள். இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் எழுதினார். இதயம் நிற்காமல் எவன் சாகிறான்? 'பிறவியிலேயே' என்ற சொல்லை மட்டும் வேட் சேர்த்துக் கடிதம் எழுதினான், ஒரின் கையெழுத்துப் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். அந்தச் சோற்றைத்தான் ஒரு குடும்பம் நாற்பது வருடம் தின்றிருக்கிறது.

வேட் எழுந்து கோப்பையைக் கரண்டியால் தட்டினார். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பார்த்தாலே படிக்கட்டுச் சுவர் தெரியும். துணியை இழுத்ததும் இருபது வயது லியோ எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.

"எங்க வழக்கம் வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார் வேட். "ஒவ்வொரு வருஷமும் சுவர்ல இருக்கறவங்க பேரை வரிசையாக் கூப்பிடுவோம். இருக்கறவன் எழுந்து 'உள்ளேன்'னு சொல்லுவான். செத்தவனுக்கும் வராதவனுக்கும் அவன் அறைத் தோழன் சொல்லுவான், தோழனும் போயிட்டா அவன் போறதுக்கு முன்னாடி சொல்லிவச்ச ஆள் சொல்லுவான். இந்த வீட்டுல எவன் பேருக்கும் பதில் இல்லாமப் போனதே இல்ல. இன்னிக்கு முதல் பதில் நம்ம நூறாவது வீரனுக்கு. லியோ ஓர்செக்."

ஒரின் எழுந்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். நாற்பது பையன்களும் அறுபது கிழவர்களும் அதற்காகக் காத்திருந்தார்கள்.

"கதவுக்கு வெளிய நான்தான் உக்காந்திருந்தேன்," என்றார் ஒரின். "இருபத்தஞ்சாவது நிமிஷம் தட்டினான். விட்டு விட்டுத் தட்டினான். நான் தொறக்கல. முதுகை இன்னும் அழுத்தமா வச்சேன். தொறந்தப்போ அவன் கதவு மேலயே சாஞ்சிருந்தான், என் காலடியில விழுந்தான்."

ஒரு நொடி வேட்டின் முகம் வெளுத்தது. ஒரே நொடிதான். வக்கீல் தொழிலில் தலை நரைத்தவர். முதலில் கைதட்டியது அவர்தான்.

"கேட்டீங்களா?" என்றார், கண் கலங்கியபடியே. "தட்டினான். ஆனா வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கத்தல. இவனும் குடுத்த சத்தியத்தை மீறல. இதுக்குப் பேருதான் சகோதரத்துவம்."

கூடமே எழுந்து நின்றது. மேசையைத் தட்டினார்கள், தரையை உதைத்தார்கள், ஒரு பையன் விசிலடித்தான். "அந்தக் கடுதாசி பொய்," என்று ஒரின் சொன்னதை யாரும் கேட்கவில்லை. உலகத்திலேயே கேவலமான ஒன்றை ஒருவன் ஒப்புக்கொள்ள, அதற்கு மாலை போட்டுக் கொண்டாடினார்கள்.

பெர்னடீன் மட்டும் எழவில்லை. "கடைசியா என்ன சொன்னீங்க?"

அவர் குனிந்தார். "அவன் இதயம் நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் கை துடைக்கும் துணியை மடித்துத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். கைதட்டல் ஓயும் முன்பே படியேறிப் போய், நூறாவது படத்தை ஆணியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வேட் ஓடினார்.

"மேடம், ஒரு பத்து நிமிஷம் பொறுங்க. பேர் வாசிச்சு முடிச்சிடறோம். நூறு குறையுமே."

"அவனைக் குறைச்சது நீங்கதான்," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

ஒரின் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனார். வாசலில் மேப்பிள் இலைகள் கொட்டிக் கிடந்தன. அவள் படத்தைக் காரின் முன் இருக்கையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எத்தனை தடவ தட்டினான்?"

"ஏழு."

"எண்ணினீங்களா?"

"பொழுது போகணுமேன்னு எண்ணினேன்."

"ஏழுக்கு அப்புறம்?"

"நின்னுச்சு." ஒரினின் குரல் இறங்கிப்போயிற்று. "சமாளிச்சுட்டான்னு நெனச்சேன். சந்தோஷமா இருந்துச்சு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சற்றுத் தேவலாம் என்று இருந்திருக்கும்.

"டேமியன்கிட்ட நானே வந்து சொல்றேன்," என்றார். "எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"நீங்க ஒரு தடவ எங்க குடும்பத்துக்குச் சொன்னதே போதும்."

கார் தெருமுனையில் திரும்பியது. அவர் அங்கேயே நின்றார். திறந்திருந்த சன்னல் வழியாகப் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. தொண்ணூற்றொன்பதை வைத்தே விழாவை நடத்திவிடுவது என்று வேட் அதற்குள் முடிவு செய்திருந்தார். அறுபத்தொன்று என்றதும் ஒரு கிழட்டுக் குரல், உள்ளேன். அறுபத்திரண்டு, செத்தவன், அவனுக்காக யாரோ ஒருவர், உள்ளேன்.

"அறுபத்து மூணு. ஒரின் வோக்ட்."

உள்ளே நாற்காலிகள் அசையும் சத்தம் கேட்டது. ஒரின் வாயைத் திறக்கவில்லை.

"ஒரின் வோக்ட்," என்று மறுபடியும் கூப்பிட்டார் வேட்.

வராதவனுக்கு அறைத் தோழன் பதில் சொல்ல வேண்டும். அவன் யங்ஸ்டவுன் சாலையில் தங்கையோடு போய்க்கொண்டிருந்தான். பிறகு வேட் அறுபத்து நான்கை வாசித்தார்.